சுத்தியலுக்கு தப்பிய ஆணி பெட்டிகள்!

போலீசார் அடித்து நொறுக்கிய விளையாட்டு எந்திரத்தை பொக்கிஷமாக காக்கிறார்கள்

நியூயார்க் நகர போலீசாருக்கு 1942-ம் ஆண்டு ஜனவரி மாதம் ஒரு வினோதமான வேலை வந்தது. திருடனை பிடிக்கிற வேலை அல்ல. கொலைகாரனை துரத்துகிற வேலையும் அல்ல. மிட்டாய் கடை, மருந்து கடை, மது கடை என்று கடை கடையாக ஏறி இறங்கி ஒரு மரப்பெட்டியை தேட வேண்டும். கண்ட இடத்தில் பறிமுதல் செய்ய வேண்டும். மேயர் உத்தரவு!

தேடினார்கள். பிடித்தார்கள். சில வாரங்களில் 3 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் வந்து குவிந்தன. சம்மட்டி கொண்டு அவற்றை நொறுக்கினார்கள். அது 2-வது உலக யுத்த சமயம். பெட்டிக்குள் இருந்த உலோகத்தை யுத்த தேவைக்கு கொடுத்தார்கள். பெட்டியின் கால்களோ நல்ல கடைசல் பிடித்த மரக்கால்கள். அதை வீணாக்குவானேன் என்று போலீசாருக்கு கைத்தடி செய்து கொடுத்து விட்டார்கள்!

இப்படி அடிபட்டு செத்த குற்றவாளியின் பெயர்: பின்பால்.

அதே பெட்டியைத்தான் இன்று அமெரிக்காவில் பலர் தேடி அலைகிறார்கள். பழைய வீடுகளின் நிலவறை, பண்ணை கொட்டகை, மூடிக்கிடக்கும் மது கடை என்று ஒரு மூலை பாக்கி இல்லை. 1931-ல் செய்தது, 1932-ல் செய்தது என்று காதில் விழுந்தால் போதும். சோறு தண்ணி மறந்து வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பி விடுகிறார்கள்.

அப்படி என்ன இருக்கிறது அந்த பெட்டியில்?

ஆணியும் கோலியும்

சரிவாக வைத்த ஒரு பலகை. மேலே கண்ணாடி மூடி. பலகை முழுக்க சின்ன சின்ன ஆணிகள். ஆங்காங்கே குழிகள். ஒவ்வொரு குழிக்கும் ஒரு மார்க். வலது கை பக்கம் ஸ்பிரிங் வைத்த ஒரு கம்பி.

காசு போட்டால் கோலிக்குண்டுகள் வரும். கம்பியை இழுத்து விட்டால் குண்டு பலகையின் உச்சிக்கு ஓடும். பிறகு ஆணிகளில் முட்டி மோதி, அங்கும் இங்கும் தடுமாறி, கீழே இறங்கும். குழியில் விழுந்தால் மார்க். விழாவிட்டால் போச்சு! ஆரம்ப கால பெட்டிகளில் மார்க்கை கூட்டி சொல்ல எந்த கருவியும் கிடையாது. ஆடியவனே விரல் விட்டு கூட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

நம்ம ஊர் பொம்மை கடைகளில் ஆணி அடித்த பலகையும் குண்டுகளுமாக 'பகடெல்' என்று விற்றார்களே, அதுவும் இதுவும் ஒரு தாய் பிள்ளைகள். பகடெல் என்பது பாரீஸ் நகரில் உள்ள ஒரு மாளிகையின் பெயர். பிரெஞ்சு மன்னன் 16-ம் லூயியின் தம்பி கட்டியது. 1777-ம் ஆண்டு அங்கே மன்னனுக்கும் ராணி மேரி அன்டாய்னெட்டுக்கும் கொடுத்த விருந்தில் இந்த ஆட்டம் ஆடப்பட்டதாக சொல்வார்கள். அப்போது ஸ்பிரிங் கிடையாது. பில்லியர்ட்ஸ் மாதிரி கோல் கொண்டு குண்டை தள்ள வேண்டும்.

கோலை எடுத்து விட்டு ஸ்பிரிங் கம்பி வைத்தவர் மான்டேக் ரெட்கிரேவ் என்பவர். அமெரிக்காவின் ஓகியோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரில் தொழில் செய்தவர். 1871-ல் அதற்கு பேடண்ட் உரிமை வாங்கினார். இந்த ஸ்பிரிங் கம்பியை வாசகர்கள் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். 105 வருடம் கழித்து இது ஒரு பெரிய காரியம் செய்தது.

ஒரு சென்ட் ஆட்டம்

1929-ல் அமெரிக்க பங்கு மார்க்கெட் விழுந்தது. பாங்குகள் மூடின. ஆலைகள் மூடின. லட்சக்கணக்கான பேருக்கு வேலை போனது. கையில் காசு இல்லை. பொழுது மட்டும் நிறைய கிடந்தது.

அந்த நேரம் பார்த்து 1931-ல் சிகாகோவில் டேவிட் காட்லீப் என்பவர் 'பேபிள் பால்' என்ற ஆணி பெட்டியை விற்பனைக்கு விட்டார். கடை மேஜை மேலேயே வைத்து விடலாம். பெட்டி விலை சுமார் 17 டாலர். ஆட்டத்துக்கு ஒரு சென்ட். சினிமாவுக்கு போக வழி இல்லாதவன் கூட ஒரு சென்ட் எடுக்க மாட்டானா? எடுத்தான். 50 ஆயிரத்துக்கும் அதிகமான பெட்டிகள் விற்றன.

காட்லீப்பின் பெட்டிகளை வாங்கி விற்றவர்களில் ஒருவர் ரேமண்ட் மலோனி. கேட்ட அளவுக்கு சரக்கு வந்து சேரவில்லை. சரக்கு தராவிட்டால் நாமே செய்து விடுவோம் என்று இறங்கி விட்டார். அந்த நாளில் சக்கைப்போடு போட்ட ஒரு நகைச்சுவை பத்திரிகையின் பெயர் 'பாலிஹூ'. அதையே தன் பெட்டிக்கு வைத்தார். 7 மாதத்தில் 50 ஆயிரம் பெட்டி பறந்தது. பெட்டியின் பெயரில் பாதியை வெட்டி கம்பெனிக்கும் வைத்தார். பிற்காலத்தில் சூதாட்ட எந்திரங்களுக்கு பெயர் போன 'பாலி' கம்பெனி அதுதான்.

இவர்களை பார்த்து மற்றவர்களும் குதித்தார்கள். 1932 முடிவதற்குள் சுமார் 150 கம்பெனிகள் ஆணி பெட்டி செய்தன. பெரும்பாலும் சிகாகோவில்தான். 1934-ல் பார்த்தால் மிஞ்சியது 14.

சேகரிப்பவர்களுக்கு இந்த சில வருடங்கள்தான் தங்க சுரங்கம். பேபிள் பாலும் பாலிஹூவும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. தேடினால் இன்றும் ஒன்று அகப்படும். இருந்த இடம் தெரியாமல் போன குட்டி கம்பெனிகளின் பெட்டிகள் இருக்கின்றனவே, அவைதான் அபூர்வம். பெயர் சீட்டு உரிந்து, சாவி தொலைந்து, கால் உடைந்து கிடக்கும் ஒரு பெட்டி யாருடையது, எந்த வருடத்தது என்று கண்டுபிடிப்பது துப்பறியும் வேலைதான்.

இந்த வேலையில் கொடிகட்டி பறந்தவர் ரிச்சர்டு பியூஷல் என்ற சரித்திர ஆசிரியர். 1988-ல் ஒரு புத்தகம் போட்டார். போதவில்லை என்று 1996-ல் பின்பாலுக்கு ஒரு கலைக்களஞ்சியம் தொடங்கினார். முதல் தொகுதி முழுக்க 1930 முதல் 1933 வரையிலான பெட்டிகள். அடுத்த தொகுதி 1934 முதல் 1936 வரை. மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு புத்தகம் என்றால் எத்தனை பெட்டிகள் இருந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்! 1998-ல் பியூஷல் இறந்து போனார். 3-வது தொகுதி வரவில்லை.

ஆட்டினால் ஆட்டம் காலி

குண்டு குழியை விட்டு விலகி போனால் ஆடுகிறவன் சும்மா இருப்பானா? பெட்டியை தூக்கினான். உலுக்கினான். அடியில் கையை விட்டு ஒரு குத்து குத்தினான். கடைக்காரருக்கு பரிசு கொடுத்து மாளவில்லை.

கலிபோர்னியாவில் ஹாரி வில்லியம்ஸ் என்ற என்ஜினீயர் இதை பார்த்தார். தான் செய்த 'அட்வான்ஸ்' என்ற பெட்டியின் அடியில் கூரான ஆணிகளை வைத்தார். கையை விட்டால் குத்தி கிழிக்கும்! பிறகு அவருக்கே அது கொடுமையாக பட்டது. ஆணியை எடுத்து விட்டு வேறு தந்திரம் செய்தார். ஒரு குட்டி மேடை. அதன் மேல் ஒரு குண்டு. பெட்டியை உலுக்கினால் அந்த குண்டு கீழே விழுந்து ஆளை காட்டி கொடுத்து விடும். ஒரு நாள் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் குண்டு விழுந்ததை பார்த்து, எந்திரத்தை 'டில்ட்' பண்ணி விட்டேனே என்றாராம். டில்ட் என்றால் சாய்ப்பது. பெயர் ஒட்டிக்கொண்டது.

பின்னால் வந்த பெட்டிகளில் இதுவும் மாறியது. கொத்தனார் சுவரை சரி பார்க்க தூக்குக்குண்டு வைத்திருப்பார் அல்லவா? அந்த மாதிரி ஒரு குண்டு ஒரு வளையத்துக்குள் தொங்கும். பெட்டி அதிகமாக அசைந்தால் குண்டு வளையத்தில் படும். மின்சாரம் பாயும். ஆட்டம் காலி.

ஆட்டத்துக்குள் மின்சாரத்தை கொண்டு வந்தவர்களில் முக்கியமானவரும் இதே வில்லியம்ஸ்தான். 1933-ல் அவர் செய்த 'கான்டாக்ட்' என்ற பெட்டியில் குண்டு குழிக்குள் போய் விழுந்தால் கதை முடிந்து விடாது. உள்ளே இருக்கும் மின்காந்த சுருள் அதை உதைத்து வெளியே தள்ளும். பேட்டரியில் ஓடியது. அதற்கு பிறகு விளக்கு வந்தது, தானே மார்க் போடும் கருவி வந்தது, முட்டிய குண்டை எகிறி அடிக்கும் ஸ்பிரிங் முளைகள் வந்தன.

வினையும் வந்தது.

மேயருக்கு வந்த கோபம்

அதிக மார்க் எடுத்தவனுக்கு கடைக்காரர் சிகரெட் கொடுத்தார். மிட்டாய் கொடுத்தார். சிலர் காசே கொடுத்தார்கள். 1933-ல் பாலி கம்பெனி 'ராக்கெட்' என்று ஒரு பெட்டி விட்டது. ஜெயித்தால் பெட்டியே காசை கக்கும்! அதற்கு பிறகு இது விளையாட்டா சூதாட்டமா என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியது இல்லாமல் போயிற்று.

உள்ளதை சொல்ல வேண்டும் என்றால், அந்த காலத்து பெட்டியில் திறமைக்கு இடம் கொஞ்சம்தான். கம்பியை எவ்வளவு இழுப்பது, பெட்டிக்கு தெரியாமல் எவ்வளவு தட்டுவது, அவ்வளவே. மற்றதெல்லாம் ஆணி விட்ட வழி. போலீசையும் கோர்ட்டையும் மட்டும் திட்டி பயன் இல்லை.

1939-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரம் தடை போட்டது. நியூயார்க்கில் அப்போது மேயர் பியரெல்லோ லாகார்டியா. அங்குள்ள விமான நிலையம் ஒன்றுக்கு அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். ஆள் குள்ளம். கோபம் பெரிது. சூதாட்டம் என்றாலே அவருக்கு ஆகாது. 1934-ல் பதவிக்கு வந்த கையோடு, பிடிபட்ட சூதாட்ட எந்திரங்களை படகில் ஏற்றி, தானே சம்மட்டியை தூக்கி போட்டோவுக்கு நின்று உடைத்தவர்.

பள்ளிக்கூட பிள்ளைகள் மத்தியான சாப்பாட்டுக்கு கொண்டு வரும் சில்லறையை பின்பால் பறித்துக்கொள்கிறது என்பது அவர் குற்றச்சாட்டு. லாபம் ரவுடி கும்பல்களுக்கு போகிறது என்றும் சொன்னார். 1942 ஜனவரியில் பிராங்ஸ் பகுதி கோர்ட்டு ஒன்று பின்பால் சூதாட்டமே என்று தீர்ப்பு சொன்னது. இதற்குத்தானே காத்திருந்தேன் என்பது போல மேயர் பாய்ந்தார். கமிஷனர் லூயிஸ் வாலன்டைனின் போலீஸ் படை கடைகளுக்குள் நுழைந்தது. அதற்கு பிறகு நடந்ததைத்தான் முதலிலேயே பார்த்தோம்.

தடை 34 வருடம் நீடித்தது. இதில் பெரிய தமாஷ் சிகாகோ. பெட்டிகள் பிறந்த ஊரே அதுதான். அங்கேயும் தடை! ஊருக்குள் ஆலை இருக்கலாம். ஆயிரக்கணக்கில் செய்து லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பலாம். உள்ளூர்க்காரன் காசு போட்டு ஆடினால் குற்றம். இந்த கூத்து 1970-களின் நடுப்பகுதி வரை நடந்தது.

யுத்தம் தின்ற பெட்டிகள்

பழைய பெட்டிகள் அபூர்வமாக போனதற்கு மேயரின் சம்மட்டி மட்டும் காரணம் அல்ல. யுத்தம் வந்ததும் பின்பால் ஆலைகள் ராணுவ சாமான்கள் செய்ய போய் விட்டன. புது பெட்டி கிடையாது. தடை இல்லாத ஊர்களில் ஆட்டத்துக்கு கிராக்கியோ குறையவில்லை. என்ன செய்தார்கள்? 1930-களின் பெட்டிகளை வாங்கி வேஷம் மாற்றினார்கள். பழைய படத்தை எடுத்து விட்டு போர் விமானம், போர் கப்பல், எதிரி நாட்டு தலைவர்கள் என்று புது படம். புது பெயர். பழைய பெட்டி அந்த இடத்திலேயே செத்தது. வில்லியம்ஸ் கூட யுத்த காலத்தில் இந்த மராமத்து தொழிலில் இருந்தவர்தான்.

யுத்தம் முடிந்து புது மாடல்கள் வந்ததும் பழையதை வைத்துக்கொள்ள கடையில் இடம் ஏது? பாகங்களை கழற்றினார்கள். மரத்தை அடுப்பில் வைத்தார்கள். 1950-களில் நிறைய பெட்டிகள் கப்பலேறி ஐரோப்பாவுக்கு போயின. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இத்தாலியிலும் காபி கடைகளில் வேலை பார்த்து வயதான அந்த பெட்டிகளை, இன்று அமெரிக்கர்கள் திரும்பவும் விலை கொடுத்து வாங்கி கப்பலேற்றி கொண்டு வருகிறார்கள்.

மழைக்கு ஒதுங்கியவர்

1947-ல் எல்லாம் தலைகீழாக மாறியது. காட்லீப் கம்பெனியின் ஹாரி மேப்ஸ் என்பவர் 'ஹம்டி டம்டி' என்ற பெட்டியில் பட்டனை அமுக்கினால் துள்ளுகிற 6 சின்ன கைகளை வைத்தார். பக்கத்துக்கு மூன்று. பெயர் 'பிளிப்பர்'. குண்டு கீழே வந்தால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியது இல்லை. திருப்பி அடிக்கலாம்! முதன்முதலாக ஆட்டக்காரன் கையில் ஆட்டம் வந்தது.

அடுத்த சில மாதத்தில், 1948-ல், ஸ்டீவ் கோர்டெக் என்பவர் 'டிரிபிள் ஆக்‌ஷன்' என்ற பெட்டியில் 6 கையை 2 கையாக குறைத்து பலகையின் அடியில் கொண்டு போய் வைத்தார். கம்பெனிக்கு செலவு மிச்சம். ஆட்டக்காரனுக்கு விறுவிறுப்பு. இன்று வரை பின்பால் என்றால் அந்த இரண்டு கைகள்தான்.

இந்த கோர்டெக் பின்பால் தொழிலுக்கு வந்ததே ஒரு கதை. 1937-ல் ஒரு நாள் சிகாகோ தெருவில் நடந்து போய்க்கொண்டிருந்தார். கையில் குடை இல்லை. அடைமழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த கட்டிடத்துக்குள் ஓடி ஒதுங்கினார். அது 'ஜென்கோ' என்ற பின்பால் கம்பெனி. வரவேற்பு மேஜையில் இருந்த பெண், வேலைக்கா வந்தீர்கள் என்று கேட்டார். மணிக்கு 45 சென்ட் சம்பளத்தில் சேர்ந்து விட்டார்! 2012-ல் தன் 100-வது வயதில் இறந்தார். அது வரை நூற்றுக்கும் மேற்பட்ட பெட்டிகளில் அவர் கை பட்டிருக்கிறது.

சேகரிப்பவர்கள் இந்த 1947-ம் வருடத்தை எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். பிளிப்பருக்கு முன், பிளிப்பருக்கு பின். பிளிப்பர் இல்லாத பெட்டியில் என்ன ஆடுவது என்று இளவட்டங்கள் கேட்கிறார்கள். ஆடி பார்த்தால் தெரியும். பெட்டியை இடுப்பால் நோகாமல் ஒரு தள்ளு தள்ளி, ஓடுகிற குண்டை கடைசி நொடியில் குழிக்கு திருப்புவது தனி வித்தை. கொஞ்சம் கூடினாலும் டில்ட்!

ஒரே ஒரு குண்டு

1976-ம் ஆண்டு ஏப்ரல் மாதம். நியூயார்க் நகர மன்றத்தின் ஒரு கமிட்டி கூடியது. தடையை எடுக்கலாமா, வேண்டாமா?

பின்பால் தொழில்காரர்கள் தங்கள் பக்கம் சாட்சியாக ரோஜர் ஷார்ப் என்ற இளைஞரை கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஜி.கியூ. பத்திரிகையில் வேலை பார்த்தவர். பின்பாலின் சரித்திரத்தை புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். நன்றாக ஆடுவார் என்று பெயர். இரண்டு பெட்டிகளை கூட்ட அறைக்கே கொண்டு வந்து வைத்திருந்தார்கள். அவர் ஒன்றில் ஆட போனார். கமிட்டியில் ஒருவருக்கு சந்தேகம். இதில் ஏதோ கோல்மால் இருக்கும், அந்த இன்னொரு பெட்டியில் ஆடு என்றார்.

அது உதவிக்கு கொண்டு வந்த பெட்டி. ஷார்ப் அதில் ஆடினார். கமிட்டிக்காரர்கள் முகத்தில் ஈ ஆடவில்லை. கடைசியாக ஒன்று செய்தார். இந்த கம்பியை இழுத்து விடுகிறேன், குண்டு உச்சியில் நடு பாதை வழியாக இறங்கும் என்று முன்கூட்டியே சொன்னார். இழுத்தார். விட்டார். குண்டு மேலே போய், நடு பாதையில் இறங்கியது!

அவ்வளவுதான். இது திறமை விளையாட்டு என்று கமிட்டி ஒப்புக்கொண்டது. அந்த வருடம் ஆகஸ்டு மாதம் நியூயார்க்கில் தடை ஒழிந்தது. அன்று குண்டு நடு பாதையில் இறங்கியதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்று ஷார்ப்பே பின்னால் ஒப்புக்கொண்டார். இந்த சம்பவத்தை வைத்து 2022-ல் ஒரு சினிமாவும் வந்தது.

ஒன்றை கவனிக்க வேண்டும். ஆட்டத்தை மீட்ட அந்த கடைசி அடி பிளிப்பரால் அடித்தது அல்ல. ஸ்பிரிங் கம்பியால் அடித்தது. 1871-ல் ரெட்கிரேவ் வைத்த அதே கம்பி! பேபிள் பாலில் இருந்ததும் அது ஒன்றுதான்.

துணியோடு வரும் படம்

பழைய பெட்டி கிடைத்து விட்டால் மட்டும் போதுமா? அதற்கு பிறகுதான் பாடு.

முதலில் கண்ணாடி படம். பெட்டியின் தலைமாட்டில் நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியில் குதிரை பந்தயம், கடற்கரை அழகிகள், சர்க்கஸ் என்று கண்ணை பறிக்கும் படங்கள் இருக்கும். காட்லீப் பெட்டிகளுக்கு ராய் பார்க்கர் என்ற ஓவியர் போட்ட படங்கள் என்றால் சேகரிப்பவர்களுக்கு உயிர். வர்ணம் இருப்பது கண்ணாடியின் பின்பக்கம். பின்னால் எரியும் பல்பு சூட்டிலும் நிலவறை ஈரத்திலும் அது செதில் செதிலாக உரிந்து வரும். அழுக்காக இருக்கிறதே என்று ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால், அழகி துணியோடு வந்து விடுவாள். விவரம் தெரியாதவர்கள் இப்படி துடைத்தே ஒழித்த படங்கள் எத்தனையோ!

அடுத்தது உள்ளே இருக்கும் ஒயர் காடு. 1970-களின் நடுப்பகுதி வரை பின்பாலில் கம்ப்யூட்டர் கிடையாது. எல்லாம் காந்த சுருள், ரிலே, பல்சக்கரம், மெல்லிய தகடு சுவிட்சுகள். ஒரு பெட்டியில் இப்படி நூற்றுக்கணக்கான இணைப்புகள். ஒரு தகட்டில் தூசி படிந்தாலும் பெட்டி ஊமை. மார்க் ஏறாது. மெல்லிய அரத்தால் ஒவ்வொரு முனையாக தேய்க்க வேண்டும். ஒயர்கள் எல்லாம் துணி சுற்றியவை. எலிக்கு பிடித்தமானது. மின்சார வரைபடம் பெட்டிக்குள்ளேயே இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். இல்லாவிட்டால் ஒயரின் நிறத்தை பார்த்து பார்த்து தானே படம் போட வேண்டும்.

கால் இல்லாத பெட்டிகளுக்கு புது கால் கடைந்து போடுகிறார்கள். பழைய கால்களில் எத்தனை எந்த போலீஸ்காரர் கையில் தடியாக தேய்ந்ததோ!

பூட்டி வைப்பதா, ஆடுவதா?

சேகரிப்பவர்களுக்குள் ஒரு சண்டை ஓயாமல் நடக்கிறது. பலகையில் குண்டு ஓடி ஓடி தேய்ந்த தடம் இருக்கிறது. அதன் மேல் புது வர்ணம் அடித்து பளபளவென்று ஆக்கலாமா? தேய்ந்ததும் சரித்திரம்தான், தொடாதே என்கிறது ஒரு கட்சி. ஆடாத பெட்டி வெறும் பீரோ, அடித்து சரி பண்ணு என்கிறது இன்னொரு கட்சி.

ஆடியே தீர வேண்டும் என்ற கட்சிக்கு பெரிய ஆள் டிம் அர்னால்டு. மிச்சிகன் மாநிலத்தில் தம்பியோடு விளையாட்டு கூடம் நடத்தி சம்பாதித்தவர். அதை விட்டு விட்டு சூதாட்ட நகரமான லாஸ் வேகாசுக்கு போய், 2006-ல் 'பின்பால் ஹால் ஆப் பேம்' என்ற கூடத்தை திறந்தார். சுற்றிலும் கோடி கோடியாக புரளும் சூதாட்ட விடுதிகள். நடுவே சில்லறை காசு போட்டு ஆடும் பழைய பின்பால் பெட்டிகள். செலவு போக மிஞ்சியது தர்மத்துக்கு. 2021-ல் அந்த கூடம் நகரின் பிரதான சாலைக்கே இடம் மாறியது.

கலிபோர்னியாவில் அலமேடா என்ற சிறு நகரில் உள்ள பசிபிக் பின்பால் மியூசியம் வேறு மாதிரி. வாசலில் ஒரு தடவை பணம் கட்டினால் போதும். 1930-களின் பெட்டி முதல் எதில் வேண்டுமானாலும் ஆடலாம். உள்ளே என்ன நடக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும் என்று, ஒரு காட்லீப் பெட்டியை முழுக்க முழுக்க கண்ணாடி போல தெரியும் பிளாஸ்டிக்கில் செய்து வைத்திருக்கிறார்கள். பட்டனை தட்டினால் எந்த சுருள் இழுக்கிறது, எந்த சக்கரம் நகருகிறது என்று ஒளிவு மறைவு இல்லாமல் தெரியும்.

எல்லா இடத்துக்கும் இந்த கொடுப்பினை இல்லை. அதே மாநிலத்தில் பானிங் என்ற ஊரில் பின்பாலுக்கு என்று பிரமாண்டமான மியூசியம் ஒன்று இருந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட எந்திரங்கள். வேறு ஊருக்கு மாற்ற போட்ட திட்டம் கைகூடவில்லை. 2021-ல் மூடி விட்டார்கள். எல்லாம் ஏலம். பல வருடம் தேடி தேடி ஒரு கூரையின் கீழ் சேர்த்தது, சில நாட்களில் ஆளுக்கு ஒன்றாக பிரிந்து போனது. அவை உடைபடவில்லை, வீடுகளுக்குத்தான் போயின என்று ஆறுதல் சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் வீட்டுக்குள் போன பெட்டியை மற்றவர்கள் ஆடி பார்ப்பது எப்படி?

பெட்டியாவது ஏலத்தில் கிடைக்கும். கை கிடைக்காது. ரிலே முனையை அரத்தால் தேய்க்க தெரிந்த பழைய மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக போய்க்கொண்டிருக்கிறார்கள். எனவே சேகரிப்பவர்கள் இப்போது பெட்டியோடு சேர்த்து வேலையையும் கற்றுக்கொள்கிறார்கள்.

அலமேடா மியூசியத்துக்கு எதிர்க்கரையில், குறுகலான ஒரு கடல் வாய்க்காலுக்கு அப்பால் இருப்பது ஓக்லண்டு நகரம். இந்த கரையில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தோடு வந்து பின்பால் ஆடிக்கொண்டிருந்த காலத்தில், அந்த கரையில் பின்பால் சட்டவிரோதம். 1930-களில் போட்ட தடையை எடுக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை. 2014-ல்தான் ஓக்லண்டு நகர மன்றம் அதை ரத்து செய்தது.